மணிக்கட்டில் ஒரு தசாப்தம்

எம்மிடம் கற்று, இன்று தாமும் ஆசிரியத் தொழிலில் இறங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்திருந்தார். முதற் சம்பளங்களில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிப் பேணவேண்டும் என்பது அவரது ஆசை. நேரம் பார்ப்பதற்குக் கைத்தொலைபேசி உண்டு. எனவே தேவையின் பொருட்டு அவர் கடிகாரம் தேடவில்லை. சென்ற நூற்றாண்டின் தசாப்தங்களுள் ஒன்றைத் தெரிந்து, அதன் சின்னமாக ஒரு கடிகாரத்தைக் கையிற் கட்டிக்கொள்ள விரும்புகிறார். “எந்தத் தசாப்தத்தைத் தெரிவது, சேர்?” என்பது அவர் கேள்வி.

விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய படத்தையும் அவர் காட்டினார். 1945ஆம் ஆண்டிலே பிரித்தானியப் படைக்கென வழங்கப்பட்ட கடிகாரம் அது. கறுத்த முகப்பு, வெண்மை மங்கி மஞ்சளித்த எண்கள், முகப்பிலே அரசாங்கச் சொத்தைக் குறிக்கும் அம்பு முத்திரை. விலையோ ஓர் இளம் ஆசிரியரின் பலமாதச் சம்பளம். அந்த எண்களின் மஞ்சள் நிறத்திலே அவர் மனம் பறிகொடுத்திருந்தார் என்பது பார்த்த மாத்திரத்திலேயே எமக்கு விளங்கிற்று. அந்த நிறம் எப்படி வந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

இச்செய்தியைக் கேட்ட நண்பர் சிலர் நகைத்தனர். பழம்பொருள் சேர்ப்பது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு, முற்போக்கு எண்ணமுடைய ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும், கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் உடைந்த மட்கலத்தையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் நாம், தொழிற்சாலையிலே பிறந்த பொருளை மாத்திரம் ஏன் ஒதுக்கவேண்டும்? ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்து பார்ப்போர் அங்கே பற்சில்லுகளை மட்டுமன்றி, அவற்றை அரத்தால் தேய்த்த விரல்களையும், அவ்விரல்களுக்குக் கிடைத்த கூலியையும், அக்கூலியை நிர்ணயித்த உறவுகளையும் காண முயலலாம். அவ்வாறு காணும் பழக்கமுடையவருக்குத் தசாப்தத் தெரிவு என்பது அழகு பற்றிய தெரிவாக மட்டும் இருக்கமுடியாது. அந்த நோக்கிலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

*

கைக்கடிகாரத்தின் கதை கைக்கடிகாரத்திற்கு முன்பே தொடங்குகிறது. 1867ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டிலேதான் கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற் பாகம் வெளிவந்தது. உழைப்புப் பிரிவினையை விளக்கப் புகுந்த மார்க்ஸ் அந்நூலிலே கடிகாரத்தையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரு காலத்திலே நூரெம்பேர்க் நகரத்துக் கைவினைஞன் ஒருவன் முழுமையாகச் செய்த பொருள், எண்ணற்ற பகுதித் தொழிலாளரின் கூட்டுப் படைப்பாக மாறிவிட்டது என்பதை அவர் காட்டினார். வில் செய்பவர் ஒருவர். முகப்புச் செய்பவர் இன்னொருவர். முள் செய்பவர், கல் துளைப்பவர், கூடு மெருகிடுபவர் வேறு வேறானோர். சுவிற்சர்லாந்தின் யூரா மலைப்பகுதியிலுள்ள லா ஷோ-த-போன் நகரம் முழுவதையும் ஒரே கடிகாரத் தொழிற்சாலையாகக் கொள்ளலாம் என்றும் அவர் எழுதினார்.

அதே ஆண்டில், அதே நகரத்திலே றொஸ்கோப் என்பவர் இருபது பிராங்கு விலையில் ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தை அறிமுகப்படுத்தினார். உறுப்புக்களை 57 ஆகக் குறைத்து, அலங்காரங்களை நீக்கி, சாதாரண தொழிலாளியும் வாங்கத்தக்கதாக அவர் அமைத்த அக்கடிகாரத்துக்குப் ‘பாட்டாளி’ என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. அதே ஆண்டிலே, எல்லைக்கு அப்பால், பிரான்சின் பெசான்சோன் நகரிலே லிப்மன் என்பவர் ஒரு கடிகாரப் பட்டறையைத் தொடங்கினார். ‘லிப்’ என்னும் பெயருடன் வளர்ந்த அந்நிறுவனத்தை நாம் மீண்டும் சந்திக்கவேண்டியிருக்கும்.

யூரா மலைகளின் கடிகாரத் தொழிலாளர் பெரும்பாலும் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இருந்து வேலை செய்தனர். இயந்திர இரைச்சல் குறைவு. வேலைக்கிடையே பேச முடியும், வாதாட முடியும். 1872இல் அங்கு சென்ற ருசியரான குரொபொட்கின் இத்தொழிலாளரோடு ஒரு வாரம் பழகியபின் தமது அரசியற் கொள்கையை முடிவுசெய்துகொண்டார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. அவர் சென்றடைந்த அராஜகவாத முடிவோடு நாம் உடன்படவேண்டியதில்லை. ஆனால் கடிகாரத் தொழிலாளி வெறுங்கையாளாக இருக்கவில்லை, சிந்திக்கும் மனிதராகவும் இருந்தார் என்பதற்கு இது சான்று.

கடிகாரம் செய்தவர் யார் என்பது ஒரு கேள்வி. கடிகாரத்தை வைத்திருந்தவர் யார் என்பது மற்றொரு கேள்வி. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஆரம்பகால ஆலைகளிலே காலையில் முன்தள்ளியும் மாலையில் பின்தள்ளியும் வைக்கப்பட்ட முதலாளிமாரின் கடிகாரங்களைப் பற்றியும், தொழிலாளர் தம்மிடம் கடிகாரம் வைத்திருப்பதையே நிர்வாகம் விரும்பாமையைப் பற்றியும் விளக்கியுள்ளார். இதற்கு நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டியதுமில்லை. நமது மலையகத் தோட்டங்களிலே தொழிலாளியை விடியுமுன் எழுப்பியது பிரட்டுத் தப்பு. பிரட்டுக்களத்திலே மணி பார்த்தவர்கள் துரைமாரும் கணக்கப்பிள்ளைமாரும். நேரம் ஒருவர் கையில் இருந்தது. உழைப்பு இன்னொருவர் கையில் இருந்தது.

*

இனித் தசாப்தங்களுக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கைக்கடிகாரம் பெண்களின் அணிகலனாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. ஆண்கள் சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் வைத்தனர். இவ்வழக்கத்தைப் பெரிதும் மாற்றியது முதலாம் உலகப்போர். பீரங்கிகள் குறித்த நிமிடத்திலே இலக்கை மாற்றவேண்டும். காலாட்படை அதே நிமிடத்திலே அகழியிலிருந்து எழவேண்டும். துப்பாக்கி ஏந்திய கை சட்டைப்பையைத் துழாவமுடியாது. ஆகவே சட்டைப்பைக் கடிகாரத்துக்குக் கம்பிக் காதுகள் பொருத்தப்பட்டன. கண்ணாடியின்மேல் உலோகக் காப்புக்கூடு இடப்பட்டது. 1916 யூலை 1ஆம் திகதி காலை 7.30 மணிக்கு, சோம் ஆற்றுப் போர்முனையிலே அதிகாரிகள் தம் கடிகாரங்களைப் பார்த்து விசில் ஊதினர். அன்று ஒருநாளில் மட்டும் பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 57,000 பேர் காயமுற்றோ மடிந்தோ காணாமற்போயோ விழுந்தனர்; அவர்களுள் 19,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்று ‘அகழிக் கடிகாரம்’ என்று ஆர்வலர் விரும்பித் தேடும் 1910களின் பொருள், கூட்டங்கூட்டமாக மனிதரைச் சாவுக்கு அனுப்பும் ஒழுங்கிலே தனது வடிவத்தைப் பெற்றதாகும்.

அகழியின் இருளில் மணி தெரியவேண்டுமே! அதற்கும் விடை கண்டனர். 1898இல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த ரேடியத்தை நாகச் சல்பைட்டுடன் கலந்தால் தானாக ஒளிரும் பூச்சுக் கிடைக்கும். அமெரிக்காவின் நியூ யேர்சியிலும் கனெற்றிக்கற்றிலும் இலினோயிலும் அமைந்த தொழிற்கூடங்களிலே இளம் பெண்கள் இப்பூச்சை முகப்பு எண்களின்மீது தீட்டினர். கூலி, தீட்டிய முகப்புக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கிடைத்தது. தூரிகையின் முனை கூராக இருக்கவேண்டும் என்பதற்காக அதை உதடுகளுக்கிடையே வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிறு துளி ரேடியம் வயிற்றுக்குட் சென்றது. ரேடியம் கல்சியத்தைப் போன்ற தன்மையுடையது. எலும்பிலே சென்று தங்கிவிடும். 1920களில் அப்பெண்களின் பற்கள் விழுந்தன, தாடையெலும்புகள் சிதைந்தன, பலர் மாண்டனர். ஆய்வுகூடத்திலே விஞ்ஞானிகள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று கையாண்ட பொருளையே பெண்கள் உதட்டால் தொட்டு வேலைசெய்தனர் என்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும்.

கிரேஸ் பிரையர் என்ற பெண்ணும் அவருடைய தோழியர் நால்வரும் 1927இல் நியூ யேர்சி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 1928இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டொலரும் ஆண்டுப்படியும் மருத்துவச் செலவும் ஒப்புக்கொள்ளப்பட்டன. கிரேஸ் பிரையர் 1933இல் இறந்தார். இலினோய் மாநிலத்திலே கதரின் டொனகூ என்பவர், எழுந்து நடக்கமுடியாத நிலையிலும் சாட்சியம் அளித்து, 1938இல் தம் பக்கம் தீர்ப்பைப் பெற்றார். அதே ஆண்டில் உயிர் நீத்தார். தொழில்வழி நோய்க்குத் தொழில்கொள்வோரைப் பொறுப்பாளியாக்கும் சட்ட வரலாற்றில் இப்பெண்களின் பெயர்கள் நிலைத்துள்ளன. கடிகார விற்பனைப் பட்டியல்களிலே அவை இடம்பெறுவதில்லை.

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். நாகச் சல்பைட்டு நாளடைவில் சிதைந்துவிடுவதால் பழைய முகப்பு இன்று இருளில் ஒளிர்வதில்லை. ஆயினும் கதிர்த்தொழிற்பாடு ஏறக்குறையக் குறையாமலே நிலைக்கிறது. ஒளி போய்விட்டது, நஞ்சு போகவில்லை. நமது இளைஞரை மயக்கிய அந்த மஞ்சள் நிறம் இத்தகைய பூச்சின் முதுமையேயாகும். கண்ணாடி மூடிய கடிகாரத்தைக் கையில் கட்டுபவரைவிட, அதைத் திறந்து உதிரும் துகளைச் சுரண்டும் திருத்துநருக்கே ஆபத்து அதிகம். சந்தை மூலையிலே, கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்தி, காற்றோட்டமற்ற கண்ணாடிப் பெட்டிக்குட் குனிந்திருக்கும் மனிதருக்கு அதை யார் சொல்வார்கள்? சுவிற்சர்லாந்திலும் ரேடியப் பூச்சு வேலை 1960களின் முற்பகுதிவரை பட்டறைகளிலும் வீடுகளிலும் நடைபெற்றது. அவ்வீடுகளையும் தோட்டங்களையும் தேடிச் சோதித்துத் தூய்மையாக்க, 2015இலேதான் அந்நாட்டு அரசு ஒரு செயற்றிட்டத்தைத் தொடங்கிற்று.

*

1930களின் பொருளாதார வீழ்ச்சி யூரா மலைகளையும் தாக்கிற்று. வேலையின்மை பெருகியபோது முதலாளிமாரும் வங்கிகளும் அரசும் ஒன்றுகூடின. 1931இல், அரசின் பணவுதவியுடன், கடிகார உட்பொறிகளையும் நுண்ணுறுப்புக்களையும் செய்யும் நிறுவனங்களைத் தன்னுள் அடக்கிய ஒரு பேரிணைப்பு நிறுவப்பட்டது. 1934 முதல் புதிய கடிகாரத் தொழிற்சாலை தொடங்கவும், இருப்பதை விரிவாக்கவும், உறுப்புக்களை ஏற்றுமதி செய்யவும் அரசு அனுமதி வேண்டியதாயிற்று. 1937இல் தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் தொழில் அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டனர். குரொபொட்கின் கண்ட வாதாடும் பட்டறைகளின் பேரப்பிள்ளைகள் இவ்வாறாக ஒழுங்குக்குட் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு வேலை நிச்சயம் ஓரளவு கிடைத்தது என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை.

1940களில் உலகம் எரிந்தபோது சுவிற்சர்லாந்து நடுநிலை நாடு. தன் படைக்கு வேண்டிய கைக்கடிகாரங்களைச் செய்யும் வலு பிரித்தானியாவின் சொந்தத் தொழிற்சாலைகளுக்கு இருக்கவில்லை. ஒமேகா, லொஞ்ஜின், சைமா, றெக்கோட் முதலிய பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்களிடம் ஒரே அமைப்பிலான கடிகாரங்கள் பெறப்பட்டன. பெரும்பாலானவை 1945இல், போர் முடியும் தறுவாயிலேயே வந்து சேர்ந்தன. பன்னிரண்டையும் முழுத்தொகுதியாகச் சேர்ப்பது இன்று செல்வந்த ஆர்வலரின் பெருமை. நமது இளைஞருக்குக் காட்டப்பட்டது அவற்றுள் ஒன்றுதான்.

‘பொற்காலம்’ என்று விற்பனையாளர் ஒருமுகமாகக் கூறுவது 1950களையும் 1960களையும். தொழில்நுட்ப நோக்கில் அதில் உண்மை உண்டு. தானே சாவி ஏறும் உட்பொறி பரவலாயிற்று. நீர் புகாக் கூடுகள் தேர்ச்சி பெற்றன. எவரெஸ்ற் சிகரம் ஏறப்பட்ட 1953ஆம் ஆண்டிலேயே ஆழ்கடல் மூழ்குவோருக்கான புதிய கடிகாரங்களும் உருவாயின. 1957இல் ஒமேகா வெளியிட்ட ஒரு வகை 1969இல் சந்திரனுக்கே சென்றது. ஆனால் இதே காலத்தில்தான் கடிகாரத்தின் விலை அதன் உழைப்பைவிட அதன் பெயருக்காகக் கொடுக்கப்படும் விலையாக மாறத் தொடங்கிற்று. மலையேறாதவர் மலையேறியவரின் கடிகாரத்தையும், நீந்தத் தெரியாதவர் சுழியோடியின் கடிகாரத்தையும் வாங்கினர்.

இப்பொற்காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு; அதனை மேலைநாட்டுப் பட்டியல்கள் அதிகம் பேசுவதில்லை. 1930இல் மொஸ்கோவிலே முதலாவது கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது, அதன் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே நொடித்துப்போன ஒரு நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டவை. அங்கு வேலை இழந்த தொழிலாளர் சிலரே மொஸ்கோ சென்று சோவியத் தொழிலாளருக்கு அவ்வேலையைக் கற்பித்தனர். 1946 முதல் வெளிவந்த, ‘வெற்றி’ எனப் பொருள்படும் ‘பபியேதா’ கைக்கடிகாரத்தின் உட்பொறியோ, போருக்கு முன் பெசான்சோனின் லிப் நிறுவனத்திடமிருந்து பெற்ற அமைப்பிலிருந்து பிறந்தது. 1961 ஏப்ரல் 12இல் ககாரின் விண்ணுக்குச் சென்றபோது அவர் கையிலிருந்ததும் மொஸ்கோ தொழிற்சாலையின் கடிகாரமே. சீனாவிலே 1955இல் தியென்சின் நகரிலும், பின்னர் சங்காயிலும் சொந்தக் கைக்கடிகாரங்கள் பிறந்தன. 1961இல் பெங்களூரிலே அரசுத்துறை நிறுவனமான எச்.எம்.ரி. யப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. அதன் புகழ்பெற்ற வகையொன்றின் பெயர் ‘ஜனதா’. பொதுமக்கள் என்பது பொருள். 1867இல் றொஸ்கோப் கண்ட கனவு வேறொரு கண்டத்திலே, வேறொரு சமூக நோக்கத்தோடு, மறுபடி பிறந்தது எனலாம். அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு 2016இல் முடிவெடுத்தது.

ஆகவே 1960களின் ‘ஜனதா’வை வாங்கச் சொல்லி நாம் இக்கட்டுரையை முடித்திருக்கலாம். மாணவரும் மகிழ்ந்திருப்பார். ஆயினும் எமது தெரிவு இன்னொரு தசாப்தம்.

*

1969 டிசம்பர் 25ஆம் திகதி யப்பானின் செய்கோ நிறுவனம் ‘அஸ்ற்றோன்’ என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதிலே ஊசலாடும் சமநிலைச் சில்லு இல்லை. மின்கலம் ஒன்றின் ஆற்றலால் குவாட்ஸ் படிகம் ஒன்று செக்கனுக்கு 8192 தடவை அதிர்ந்தது. சாதாரண சாவிக் கடிகாரத்தின் சில்லு செக்கனுக்கு ஐந்து தடவை அசையும். நாளொன்றுக்கே சில செக்கன்கள் பிழைபடும். படிகக் கடிகாரமோ மாதத்துக்கே சில செக்கன்கள்தாம் பிழைபட்டது. அதன் விலை 450,000 யென். அன்றைய சிறு மோட்டார்க் காரொன்றின் விலை. ஏழே ஆண்டுகளில் அமெரிக்க நிறுவனமொன்று பிளாஸ்ரிக் கூட்டிலே எண்மானக் கடிகாரத்தை இருபது டொலருக்கு விற்றது. பின்பு விலை இன்னும் இறங்கிற்று.

இதன் பயன் யாருக்கு? எமது நண்பர் சிலர் பழமைப் பற்றினால் படிகக் கடிகாரத்தைப் பழிப்பதுண்டு. அப்பழிப்பில் நாம் சேரமாட்டோம். வரலாற்றிலே முதன்முறையாக உலகின் ஏழை மணிக்கட்டுக்களுக்கும் செம்மையான நேரம் வந்தது. இலங்கையிலே 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, தகப்பனின் மணிக்கூட்டைத் திருத்தி மகன் கட்டுவது நம் வீடுகளிலே இயல்பாக இருந்தது. சந்தை திறக்கப்பட்டபின் மலிவான கடிகாரம் பள்ளிப் பிள்ளையின் கைக்கும் வந்தது. இதை வீழ்ச்சியென்று சொல்லுவோர், முன்பு கடிகாரம் யாரிடம் இருந்தது என்பதை மறந்தவராவர்.

ஆனால் அதே காலத்தில் யூரா மலைகளிலே நடந்தது வேறு. 1970இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தனர். 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியோர் ஏறத்தாழ 30,000 பேர். நிறுவனங்களின் தொகை ஏறக்குறைய 1600இலிருந்து 600 ஆகக் குறைந்தது. படிகக் கடிகாரம் என்ற அறிவு சுவிற்சர்லாந்துக்குப் புதியதுமன்று. 1967இலேயே அந்நாட்டு ஆய்வுகூடம் அதன் முன்மாதிரியைச் செய்துவிட்டது. கையிலிருந்த அறிவை எப்போது, எவ்வாறு, யாருடைய நலனுக்காகப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தவர்கள் முதலீட்டாளர். தீர்மானத்தின் விலையைச் செலுத்தியவர்கள் அரம் பிடித்தோரும் பூதக்கண்ணாடி அணிந்தோரும். படிகம் எவரையும் வேலைநீக்கம் செய்வதில்லை. அதனை உடைமையாகக் கொண்டோரே செய்தனர்.

இங்கேதான் லிப் மீண்டும் வருகிறது. 1973இல் பெசான்சோனின் பலாந்த் பகுதியிலிருந்த லிப் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1300 பேர் வேலை செய்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். நிறுவனத்தின் பெரும் பங்குதாரர், 1931இல் உருவான சுவிஸ் பேரிணைப்பைச் சேர்ந்த ஒரு கம்பனி. யூன் 12ஆம் திகதி நிர்வாகிகளின் கைப்பெட்டியிலிருந்து தொழிலாளர் கண்டெடுத்த தாள்களிலே 480 பேரை நீக்குவதற்கும் சம்பளத்தை முடக்குவதற்குமான திட்டம் இருந்தது. அன்றிரவே தொழிலாளர் ஆயிரக்கணக்கான முடிந்த கடிகாரங்களை எடுத்துச்சென்று மறைத்துவைத்தனர். யூன் 18ஆம் திகதி பொதுக்கூட்டம் கூடி, தொழிற்சாலையைத் தாமே நடத்துவதென்று முடிவெடுத்தனர். நாமே செய்கிறோம், நாமே விற்கிறோம், எமக்கு நாமே சம்பளம் கொடுக்கிறோம் என்பது அவர்கள் வாயிலில் எழுதிய முழக்கத்தின் கருத்து.

சொன்னதைச் செய்தும் காட்டினர். பிரான்சு எங்கணும் இருந்து மக்கள் வந்து, இடைத்தரகர் இன்றி, தொழிலாளர் கையிலிருந்தே கடிகாரம் வாங்கினர். ஆகஸ்ட் 14ஆம் திகதி ஆயுதப் பொலிசார் தொழிற்சாலையைக் கைப்பற்றியபோது, தொழிலாளர் நகரத்து உடற்பயிற்சிக் கூடமொன்றிலே கூடித் தம் போராட்டத்தைத் தொடர்ந்தனர். செப்டெம்பர் 29இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பெசான்சோன் தெருக்களிலே ஊர்வலம் சென்றனர். 1974 யனவரியில் உடன்பாடு ஏற்பட்டு, தொழிலாளர் படிப்படியாக மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டனர். அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற சார்ள் பியாஜே ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகன். அவர் 2023இல் காலமானார்.

வெற்றிக்கதையாக இதைச் சொல்லிவிட்டால் அது வரலாறாகாது. 1976இல் நிறுவனம் மறுபடியும் வீழ்ந்தது. தொழிலாளர் கூட்டுறவு நிறுவனங்களை அமைத்துச் சிலகாலம் தாக்குப்பிடித்தனர். மூலதனம் சூழ்ந்த கடலிலே ஒரு தொழிற்சாலை தனித்தீவாக நீடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர்களே பட்டறிந்தனர். பெண் தொழிலாளர் இன்னொரு குறையையும் வெளிப்படையாகக் கூறினர். கூட்டங்களிலே பேசியவர் பெரும்பாலும் ஆண்கள். பகுதிவேலையும் குறைந்த சம்பளமும் போராட்டத்துக்குப் பின்னும் பெண்களுக்கே எஞ்சின. அதே 1970களின் நடுவிலே லிப் வெளியிட்ட, வட்டமும் சதுரமுமன்றிப் புதுவடிவங்கொண்ட கடிகாரங்கள் இன்று வடிவமைப்பாளனின் பெயரால் மட்டும் சேகரிக்கப்படுகின்றன. லிப் என்ற பெயரும் பலர் கைமாறி இன்றும் விற்பனையில் உள்ளது.

*

இவற்றையெல்லாம் கூறியபின் மாணவருக்கு நாம் அளித்த விடை இதுதான்: 1970களைத் தெரிக, அத்தசாப்தத்தின் சாவிக் கடிகாரம் ஒன்றை வாங்குக. கையின் திறமை தன் உச்சத்தில் நின்றபடியே கையின் தேவை மறுக்கப்பட்ட காலம் அது. நேரத்தைச் செய்பவர்களே நேரத்துக்கு உடைமையாளராதல் கூடாதா என்ற கேள்வி ஒரு தொழிற்சாலையின் வாயிலிலே வெளிப்படையாக எழுதப்பட்ட காலமும் அதுவே. மற்றத் தசாப்தங்களின் கடிகாரங்களிலே இக்கேள்வி உள்ளே மறைந்திருக்கிறது. 1970களின் கடிகாரத்திலே அது மேற்பரப்புக்கு வந்துவிட்டது.

நடைமுறைக் காரணங்களும் இத்தெரிவுக்குத் துணை நிற்கின்றன. அக்காலத்திலே கடிகாரங்கள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையால் புகழில்லாத பெயருடையவை இன்றும் மலிவு. பல நிறுவனங்கள் ஒரேவகை உட்பொறிகளைப் பொருத்தியமையால் உறுப்புக்கள் கிடைக்கின்றன. சந்தை மூலையிலுள்ள திருத்துநரே திருத்தித் தருவார். அத்தசாப்தத்தின் ஆரம்பகால எண்மானக் கடிகாரங்களுக்கு இவ்வசதி இல்லை. உள்ளே மின்சுற்றுப் பழுதானால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. ரேடியத்தின் இடத்தை அப்போது திரிற்றியம் பிடித்திருந்தது. அதன் அரைவாழ்வுக்காலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். ஐம்பது ஆண்டு சென்றபின் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். முகப்பின் அடியிலே ‘ரி’ என்ற ஆங்கில எழுத்து இருப்பின் அது பெரும்பாலும் திரிற்றியத்தின் அடையாளம். முகப்பு மறுவண்ணம் தீட்டப்பட்டதா, உட்பொறியிலும் முகப்பிலும் ஒரே பெயர் உள்ளதா, பின்மூடியைத் திறந்து காட்ட விற்பவர் சம்மதிக்கிறாரா என்பவற்றைக் கவனிக்கவேண்டும். திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்கலாகாது.

இளைஞர் சிறிதுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு, “அந்தப் படைக் கடிகாரம் அழகாகத்தானே இருக்கிறது, சேர்?” என்றார். அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம். அந்த அழகைத் தூரிகையால் தீட்டிய பெண்களின் கதை தெரிந்தபின்னும் அவர் அதையே தெரிவாரானால், அதில் எமக்கு மறுப்பில்லை என்றும் சொன்னோம். ஆனால் வாங்குமுன் திருத்துநரிடம் அது ரேடிய முகப்பு என்று சொல்லிவிட்டே திறக்கக் கொடுக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

இரு வாரங்களின் பின் அவர் மறுபடி வந்தார். கையிலே, எவருக்கும் தெரியாத பெயருடைய, பதினேழு கல் பதித்த, 1970களின் சுவிஸ் கடிகாரம் ஒன்று இருந்தது. விலை அவர் சம்பளத்தில் சிறு பகுதி. திருத்துநர் எண்ணெயிட்டுத் தந்திருந்தார். நாளொன்றுக்கு அரை நிமிடம் முந்துகிறது என்று அவர் குறைப்பட்டார். நாம் அதைக் காதருகே வைத்துக் கேட்டோம். பின்பு அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தமையால் இருவரும் வகுப்புக்குச் சென்றோம்.